குழந்தைக்கு அலர்ஜி மருந்து: அளப்பதற்கு முன்பிருந்து நிறுத்துவது வரை முழுமையான வழிகாட்டி

இரண்டு பாட்டில்களை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு அம்மா கேட்டார்: “ரெண்டுமே செட்டிரிசின்தானே? எதிலிருந்து கொடுத்தாலும் அதே அரை ஸ்பூன்தானே?” ஒன்று சிரப், 5 மி.லி.யில் 5 மி.கி. மருந்து. மற்றது சொட்டு மருந்து, 1 மி.லி.யிலேயே 10 மி.கி. சிரப்பில் அரை ஸ்பூன் என்றால் 2.5 மி.கி. சொட்டு மருந்தில் அதே அரை ஸ்பூன் 25 மி.கி. பத்து மடங்கு. நல்லவேளை, கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

மருந்து கொடுக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பல வருடமாகப் பெற்றோருடன் பேசிவருகிறேன். தவறான மருந்தால் வந்த சிக்கல்கள் குறைவு. சரியான மருந்தைத் தவறாக அளந்தது, வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் கொடுத்தது, ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போனது, இவற்றால் வந்தவைதான் அதிகம். அதனால் எந்த மருந்து உயர்ந்தது என்ற பேச்சுக்கே இங்கே போகவில்லை. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசைதான் இந்த வழிகாட்டி. மருத்துவர் எழுதித் தந்ததற்கு இது மாற்று அல்ல. அவர் எழுதியதை வீட்டில் பிசகில்லாமல் செய்து முடிப்பதற்கானது.

தொடங்குமுன்: கையில் இருக்க வேண்டியவை

குழந்தையின் இப்போதைய எடை, கிலோகிராமில். போன வருடம் எடுத்தது உதவாது. அவசர மருந்துகளின் அளவு எடையை வைத்தே கணக்கிடப்படுகிறது, அந்த நேரத்தில் எடை பார்க்க யாருக்கும் அவகாசம் இருக்காது.

மி.லி. கோடுகள் போட்ட, ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று. சமையலறை ஸ்பூன் அளவுகோல் அல்ல. ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு. ஒன்றில் 3 மி.லி. கூடக் கொள்ளாது, இன்னொன்றில் 7 மி.லி. வரை நிற்கும்.

ஒரு சின்ன நோட்டு, பேனா. குழந்தை இப்போது எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியல்; காய்ச்சல் மருந்து, இருமல் மருந்து, மூலிகைத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து. அவசர ஊர்தி எண்ணும் உங்கள் குழந்தை மருத்துவரின் எண்ணும் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில். இவை தயாராக இல்லாதபோதுதான் நடுராத்திரி விளக்கைக்கூடப் போடாமல், கைக்குக் கிடைத்த மூடியில் ஊற்றிக் கொடுக்கும் நிலை வருகிறது.

1. அவசரமா இல்லையா: முதலில் இதை முடிவு செய்யுங்கள்

மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன் குழந்தையைப் பாருங்கள். உணவு, மருந்து, பூச்சிக்கடி ஏதோ ஒன்றுக்குப் பின் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கீழ்க்கண்டவை வந்தால் அது சாதாரண அலர்ஜி அல்ல.

மூச்சுத் திணறல், விசில் போன்ற இரைப்பு, குரல் கம்மிப்போவது, நாக்கோ தொண்டையோ வீங்குவது, விழுங்க முடியாமல் எச்சில் வழிவது, முகம் வெளுத்துத் துவண்டு போவது, மயக்கம். உடம்பெல்லாம் தடிப்பு வந்து, கூடவே அடுத்தடுத்து வாந்தி எடுத்தாலும் அப்படியே எண்ணுங்கள். கைக்குழந்தைக்குத் தன் நிலையைச் சொல்லத் தெரியாது. திடீரென்று துணிபோலத் துவள்வதும், எதற்கும் அடங்காத அழுகையும்தான் அதன் மொழி. தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமலும் இது வரலாம். ‘அரிப்பு இல்லையே’ என்று காத்திருக்காதீர்கள்.

இதற்குப் பெயர் அனாஃபிலாக்சிஸ். இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றுதான். அலர்ஜி சிரப் இங்கே உதவாது. காரணம் இரண்டு. வாய்வழி மருந்து வேலை தொடங்கவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும். தொடங்கினாலும் அது அரிப்பையும் தடிப்பையும்தான் குறைக்கும். சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறக்காது, விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. சிரப்பைக் கொடுத்துவிட்டு ‘கேட்கிறதா பார்ப்போம்’ என்று இருக்கும் அந்த அரை மணி நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம்.

மருத்துவர் அட்ரினலின் பேனா (பேனா வடிவில் வரும், அளவு நிரப்பிய ஊசி) எழுதித் தந்திருந்தால், தொடையின் நடுப்பகுதியில், வெளிப்பக்கத் தசையில் உடனே போடுங்கள். உடை மேலேயே போடலாம்; பையில் உள்ள சாவி, தடித்த மடிப்பு மட்டும் குறுக்கே வரக் கூடாது. பிறகு அவசர ஊர்தியை அழையுங்கள். குழந்தையைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரட்டும், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். திடீரென்று நிமிர்ந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து நிலை மோசமாகும். 5 நிமிடத்தில் மாற்றம் தெரியாவிட்டால், இரண்டாவது பேனா இருந்தால் அதையும் போடலாம். ஊசி போட்டபின் குழந்தை சிரித்து விளையாடினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்து அதே தாக்கம் திரும்ப வருவதுண்டு.

பேனாக்கள் பொதுவாக 0.15 மி.கி., 0.3 மி.கி. என்ற அளவுகளில் வரும். எது என்பது எடையைப் பொறுத்தது. குழந்தை வளர்ந்திருந்தால் பேனாவின் அளவும் மாறியிருக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

2. இது அலர்ஜிதானா?

அவசரம் இல்லை என்று உறுதியானபின் கேட்க வேண்டிய கேள்வி இது. மூக்கு ஒழுகும் ஒவ்வொரு குழந்தைக்கும் அலர்ஜி சிரப் தேவையில்லை.

அலர்ஜியில் மூக்கும் கண்ணும் அரிக்கும், தும்மல் தொடர்ச்சியாக வரும், மூக்குநீர் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும், காய்ச்சல் இருக்காது. ஒரே இடத்தில் அல்லது ஒரே பருவத்தில் திரும்பத் திரும்ப வரும். சளிக்காய்ச்சலில் உடம்பு சூடும் சோர்வும் இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும்.

இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்றால், வைரஸ் சளியை அலர்ஜி மருந்து குணப்படுத்தாது. பலன் தெரியாதபோது பெற்றோர் அளவைக் கூட்டுகிறார்கள், பிறகு இன்னொரு மருந்தைச் சேர்க்கிறார்கள். நான் பார்த்த இரட்டை மருந்துக் குழப்பங்களில் பல இப்படித்தான் தொடங்கின.

3. பாட்டிலின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்னால் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். உங்களுக்குத் தேவை சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர். அதை நோட்டில் எழுதுங்கள். வீட்டில் இருக்கும் மற்ற எல்லா பாட்டில்களிலும் அதே பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அலர்ஜி சிரப்புகளில் இரண்டு கூட்டம் உண்டு. குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெதசின், ஹைட்ராக்சிசின் பழைய கூட்டம். இவை மூளைக்குள் எளிதாகப் புகும். அதனால் தூக்கம், மந்தம்; சில குழந்தைகளுக்கு நேர்மாறாகத் துள்ளலும் எரிச்சலும் தூங்காமையும். செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், லோராடடின், டெஸ்லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின் புதிய கூட்டம். இவை மூளைக்குள் மிகக் குறைவாகவே போகும். தினசரி அலர்ஜிக்கு இந்தப் புதிய கூட்டத்தையே மருத்துவர்கள் முதலில் தேர்வதற்கு இதுதான் காரணம். புதியவற்றிலும் செட்டிரிசின் சில குழந்தைகளுக்குத் தூக்கம் தரும்.

புரோமெதசினை 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது. மூச்சு அடங்கிப்போகும் ஆபத்துக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன்மேல் வைத்திருக்கிறது. குழந்தை தூங்கட்டும் என்பதற்காக, பயணத்தில் அமைதியாக இருக்கட்டும் என்பதற்காக, எந்த வயதிலும் எந்த அலர்ஜி மருந்தையும் கொடுக்காதீர்கள். களைத்துப்போன பெற்றோர் கேட்கும்போது அவர்கள் நிலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதில் என் பதில் மாறியதில்லை.

இரட்டிப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்றால், சளி மருந்துக் கலவைகளில். ஒரே சிரப்பில் பாராசிட்டமால், குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் மூன்றும் இருக்கும். பெற்றோர் அதைக் ‘காய்ச்சல் மருந்து’ என்று நினைத்துக் கொடுப்பார்கள். கூடவே அலர்ஜி சிரப், கூடவே பாராசிட்டமால். குழந்தைக்குள் இரண்டு அலர்ஜி மருந்தும் இரண்டு பங்கு பாராசிட்டமாலும் போயிருக்கும். கலவை மருந்தை வீட்டில் வைக்காமலிருப்பதே நல்லது என்பது என் எண்ணம். அலர்ஜிக்கு அலர்ஜி மருந்து மட்டும், காய்ச்சலுக்குக் காய்ச்சல் மருந்து மட்டும்.

4. வயது, எடை, மற்ற நோய்கள்

2 வயதுக்குக் கீழ் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் எந்த அலர்ஜி மருந்தும் வேண்டாம். பெரிய பிள்ளைக்கு எழுதியதில் பாதியைச் சின்னதுக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

பெரும்பாலான அலர்ஜி சிரப்புகளின் லேபிள் வயதுக்கணக்கில் இருக்கும். உங்கள் குழந்தை வயதுக்கு மிகக் குறைந்த எடையில் இருந்தால் அந்தக் கணக்கை அப்படியே எடுக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். செட்டிரிசினும் லெவோசெட்டிரிசினும் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகின்றன, அது தடைப்பட்டால் உடம்பில் தேங்கும். ஈரல் கோளாறு இருந்தால் லோராடடினுக்கு அதே கவனம். வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, ஆஸ்துமா, வேறு தூக்க மருந்து, இவற்றையும் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வது என்று இருக்க வேண்டாம்.

5. மில்லிகிராமை மில்லிலிட்டராக மாற்றுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை நிதானமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மி.கி. என்பது மருந்தின் எடை. மி.லி. என்பது திரவத்தின் அளவு. இரண்டுக்கும் இடையே உள்ள பாலம் பாட்டிலின் அடர்த்தி, ‘5 மி.லி.யில் 5 மி.கி.’ என்பது போல லேபிளில் இருக்கும் வரி. பாட்டில் மாறினால் இந்த வரியும் மாறலாம். பழைய பாட்டிலில் கொடுத்த மி.லி.யைப் புதிய பாட்டிலிலும் அப்படியே கொடுப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

கணக்கு இதுதான்: வேண்டிய மி.கி.யை லேபிளில் உள்ள மி.கி.யால் வகுத்து, லேபிளில் உள்ள மி.லி.யால் பெருக்க வேண்டும்.

மருத்துவர் செட்டிரிசின் 2.5 மி.கி. எழுதியிருக்கிறார், பாட்டிலில் 5 மி.லி.யில் 5 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 2.5 ÷ 5 × 5 = 2.5 மி.லி. அதே 2.5 மி.கி.யை, 1 மி.லி.யில் 10 மி.கி. உள்ள சொட்டு மருந்திலிருந்து எடுத்தால் 2.5 ÷ 10 × 1 = 0.25 மி.லி. மட்டுமே. அதாவது ஒரு மி.லி.யில் கால் பங்கு. தொடக்கத்தில் சொன்ன அம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில்.

இன்னொரு வழுக்குமிடம் லெவோசெட்டிரிசின். பெயர் செட்டிரிசினைப் போலவே இருக்கும், ஆனால் மி.கி. ஒன்றல்ல. செட்டிரிசினில் வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்தெடுத்ததுதான் லெவோசெட்டிரிசின். அதனால் பாதி மி.கி. போதும். செட்டிரிசின் 2.5 மி.கி. வாங்கிக்கொண்டிருந்த குழந்தைக்கு மருந்து மாறும்போது அதே 2.5 மி.கி. லெவோசெட்டிரிசின் கொடுத்தால் அது இரண்டு மடங்கு.

சரிபார்க்க ஒரு கைப்பிடி: 2 முதல் 5 வயது வரை செட்டிரிசின் வழக்கமாக ஒரு நாளைக்கு 2.5 மி.கி.யில் தொடங்கும், நாள் முழுவதற்கும் 5 மி.கி.யைத் தாண்டாது. அதே வயதில் லோராடடின் ஒரு நாளைக்கு ஒருமுறை 5 மி.கி. உங்கள் கணக்கு இதைவிட வெகு தூரம் தள்ளி நின்றால் கொடுக்காமல் நிறுத்தி, மருந்துக்கடையையோ மருத்துவரையோ கேளுங்கள்.

தசமப்புள்ளி மிக ஆபத்தான புள்ளி. ‘.5’ என்று எழுதினால் அவசரத்தில் 5 ஆகிவிடும், ‘0.5’ என்றே எழுதுங்கள். ‘5.0’ என்பது 50 ஆகத் தெரியும். ‘5’ என்றே எழுதுங்கள். கணக்கை முடித்தபின் விடையை மட்டும் ஒரு துண்டுத் தாளில் ‘2.5 மி.லி., இரவு ஒருமுறை’ என்று எழுதிப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு இரவும் கணக்குப் போட்டால் ஏதோ ஓர் இரவு தப்பும். புதிய பாட்டில் வாங்கும் நாளில் மட்டும் லேபிளைப் பார்த்து மறுபடி கணக்கிட்டு, புதிய துண்டு ஒட்டுங்கள்.

6. அளப்பதும் கொடுப்பதும்

விளக்கைப் போடுங்கள். சிரப் கலங்கலாகவோ அடியில் படிந்தோ இருந்தால் லேபிளில் சொல்லியபடி குலுக்குங்கள். குலுக்காத பாட்டிலில் மேலே மருந்து குறைவாகவும் அடியில் அதிகமாகவும் இருக்கும்.

சிரிஞ்சில் உறிஞ்சிக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். காற்றுக்குமிழ் இருந்தால் மேல்நோக்கிப் பிடித்துத் தட்டி வெளியேற்றுங்கள். குமிழ் இருந்த இடத்தில் மருந்து இல்லை. சிரிஞ்சின் சின்ன மூடியைக் கழற்றித் தூர வையுங்கள். அது குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியது.

குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உட்பக்கமாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நேராகத் தொண்டைக்குப் பீய்ச்சினால் மூச்சுக்குழாய்க்குப் போகலாம். மூக்கைப் பிடித்து வாயைத் திறக்கவைப்பதும், அழும்போது ஊற்றுவதும் அதே காரணத்தால் தவிர்க்க வேண்டியவை.

முழுப் பால்பாட்டிலில் கலக்காதீர்கள். பாதி குடித்துவிட்டுக் குழந்தை தூங்கிப்போனால் எவ்வளவு மருந்து போயிற்று என்பது யாருக்கும் தெரியாது. ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரோடு மட்டும் கொடுங்கள். ஆப்பிள், ஆரஞ்சுச் சாறு அது குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். ‘மருந்து கேட்கவில்லை’ என்ற புகாருக்குப் பின்னால் சில நேரம் ஒரு டம்ளர் பழச்சாறு மட்டுமே இருக்கும்.

மருந்தை மிட்டாய் என்று சொல்லாதீர்கள். இன்று அழுகை நிற்கும். நாளை நீங்கள் இல்லாதபோது குழந்தை அந்த ‘மிட்டாயை’த் தானே தேடிப் போகும்.

7. கொடுத்தவுடன் எழுதுவது

கொடுத்த கையோடு நோட்டில் தேதி, மணி, மருந்து, மி.லி., கொடுத்தவர் பெயர். ‘பிறகு எழுதலாம்’ என்றால் எழுதப்படாது.

காரணம் எளிது. மாலையில் பாட்டி கொடுத்திருப்பார், இரவு வேலையிலிருந்து வந்த அப்பா மறுபடி கொடுப்பார். இருவரும் அன்போடு செய்ததுதான். நோட்டைப் பார்க்காமல் பாட்டிலைத் தொடக் கூடாது என்ற ஒரு விதி வீட்டில் இருந்தால் இது நடக்காது. முடிந்தால் ஒரு நாளைக்கு ஒருவர் மட்டுமே மருந்துக்குப் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளையோடு சேர்த்து இரண்டு பங்காகக் கொடுக்காதீர்கள். கொடுத்தபின் வாந்தி எடுத்தால் அப்படியே மறுபடி கொடுக்கவும் வேண்டாம். எத்தனை நிமிடம் கழித்து எடுத்தான், மருந்து வெளியே தெரிந்ததா என்று குறித்துவைத்து மருத்துவரைக் கேளுங்கள். ‘ஒரு மணி நேரமாச்சு, இன்னும் அரிக்கிறது’ என்று இன்னொரு பங்கு கொடுப்பதும் இதே வகைத் தவறு. செட்டிரிசின் ஒருமுறை கொடுத்தால் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் உடம்பில் வேலை செய்யும். அரிப்பு முழுக்க அடங்கச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை குளிர்ந்த ஈரத்துணியை வைப்பது உதவும்.

8. மூக்கு ஸ்பிரே, சொட்டு மருந்து, களிம்பு

தினமும் மூக்கு அடைக்கும் குழந்தைக்கு மருத்துவர் மொமெடசோன், ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதலாம். இது அடித்தவுடன் திறக்கும் மருந்து அல்ல. முழுப் பலன் தெரியச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். மூன்றாம் நாளே ‘பயனில்லை’ என்று தூக்கி வைப்பவர்கள் பலர்.

அடிக்கும் முறைதான் பாதி மருந்து. முதலில் மூக்கைச் சிந்தச் சொல்லுங்கள். பாட்டிலைக் குலுக்குங்கள், புதிது என்றால் சீரான புகைபோல வரும்வரை காற்றில் அடித்துப் பாருங்கள். குழந்தை தலையை அண்ணாந்தால் மருந்து தொண்டைக்கு ஓடிவிடும், அதனால் ‘உன் கால்விரலைப் பார்’ என்று சொல்லுங்கள். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போது நுனி தானாகவே வெளிப்பக்கமாக, காதை நோக்கித் திரும்பும். நடுச்சுவரில் அடித்தால் அது புண்ணாகி ரத்தம் வரும். அடித்தபின் மெதுவாக மூச்சிழுத்தால் போதும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் உயரத்தை அளந்து குறித்துவாருங்கள். வளர்ச்சி வேகம் சிறிது குறையும் வாய்ப்பு உண்டு என்பதால் மருத்துவர் அதைப் பார்ப்பார்.

உடனே மூக்கைத் திறக்கும் ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டுகள் வேறு வகை. 3 முதல் 5 நாளுக்கு மேல் போட்டால் மருந்தின் தாக்கம் குறையும்போதெல்லாம் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும், மறுபடி போடத் தூண்டும். 6 வயதுக்குக் கீழ் மருத்துவர் சொன்னால் மட்டுமே. இதைவிடப் பெரிய ஆபத்து, குழந்தை இதைக் குடித்துவிடுவது. இவ்வகை மூக்குச் சொட்டுகளும் சிவந்த கண்ணுக்குப் போடும் சில சொட்டுகளும் 1 அல்லது 2 மி.லி. வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தைக்கு நினைவு தப்பும் அளவுக்குப் போகலாம் என்று எஃப்.டி.ஏ. 2012இல் எச்சரித்தது. அந்தக் குட்டிப் பாட்டில்கள் கைப்பையிலும் கட்டில் அருகிலும் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பதறும்.

கண்ணுக்குச் சொட்டு விட, குழந்தையைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லி, மூக்கோர மூலையில் ஒரு சொட்டு விடுங்கள். கண்ணைத் திறந்ததும் உள்ளே போய்விடும். பிடித்து அழுத்த வேண்டாம். இரண்டு வகைச் சொட்டு என்றால் 5 நிமிட இடைவெளி.

களிம்பில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். டைபென்ஹைட்ரமின் கலந்த அரிப்புக் களிம்பைப் பூசிக்கொண்டு, அதே மருந்தை வாய்வழியும் கொடுக்காதீர்கள். தோல் வழியாகவும் அது உள்ளே போகும். ஸ்டீராய்டு களிம்பின் வீரியத்தையும் நாட்களையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பெரியவர் சுட்டுவிரலின் நுனிக்கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம், அது இரண்டு பெரியவர் கையளவு இடத்துக்குப் போதும்.

9. கொடுத்தபின் எதைக் கவனிப்பது

முதல் சில நாள் தூக்கம், எரிச்சல், பசி, பள்ளியில் கவனம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு புதிய மருந்தைப் பரீட்சை நாளிலோ நீச்சல் நாளிலோ தொடங்காதீர்கள். அது உங்கள் குழந்தையை எவ்வளவு மந்தமாக்கும் என்பது கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மான்டெலுகாஸ்ட் (ஆஸ்துமாவுக்கும் மூக்கு அலர்ஜிக்கும் தரும் வேறு வகை மருந்து) எழுதப்பட்டிருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும். கெட்ட கனவு, திடீர்க் கோபம், பயம், மனச்சோர்வு, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் பேச்சு ஆகியவை வரலாம் என்பதற்காக 2020 மார்ச்சில் எஃப்.டி.ஏ. தன் கடுமையான எச்சரிக்கையை அதற்கும் சேர்த்தது. லேசான மூக்கு அலர்ஜிக்கு மற்ற மருந்துகள் கேட்காதபோது மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. இப்படி ஏதாவது தெரிந்தால் ‘அடம் பிடிக்கிறான்’ என்று விட்டுவிடாமல், அடுத்த வேளை கொடுக்கும் முன் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். லெவோசெட்டிரிசினோடு மான்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரைகளும் சிரப்புகளும் உண்டு. மூன்றாம் படியில் சொன்னபடி பின்பக்கத்தைப் படிக்காதவருக்கு அது உள்ளே இருப்பதே தெரியாது.

அளவு மீறிப் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் குழந்தை நன்றாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவ உதவி கேளுங்கள். பழைய கூட்டத்து மருந்துகள் மிஞ்சினால் முகம் சிவந்து சூடாகும், வாய் உலரும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், இல்லாததைப் பார்த்துப் பேசும், வலிப்பும் வரலாம். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு இருந்தது, எவ்வளவு மிச்சம் என்பதிலிருந்துதான் மருத்துவர் கணக்கிடுவார். யாரும் திட்டுவார்களோ என்று உண்மையான அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அங்கே இருப்பவர்களுக்குக் குழந்தையைக் காப்பாற்ற அந்த எண் தேவை.

10. நிறுத்துவது, கை மாற்றுவது, வைத்துக்கொள்வது

ஒருமுறை வந்த தடிப்புக்குக் கொடுத்த மருந்தை, மருத்துவர் சொன்ன நாட்கள் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். மாதக்கணக்கில் தினமும் செட்டிரிசினோ லெவோசெட்டிரிசினோ எடுத்த குழந்தைக்கு, நிறுத்திய சில நாளில் உடம்பெல்லாம் கடுமையான அரிப்பு வருவது அரிதாக நடக்கிறது. 2025 மே மாதத்தில் எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரித்தது. அதை அலர்ஜி திரும்பியது என்று எண்ணி மருந்தை நீங்களே நிரந்தரமாக்காமல், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று மருத்துவரைக் கேளுங்கள்.

தோலில் அலர்ஜிச் சோதனை செய்யப் போகிறீர்கள் என்றால் இந்த மருந்துகளை வழக்கமாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மருந்து உடம்பில் இருந்தால் அலர்ஜி இருந்தும் தோல் தடிக்காது. இருமல் சிரப்பில் ஒளிந்திருக்கும் குளோர்பெனிரமினும் சோதனையைக் கெடுக்கும். ரத்தத்தில் செய்யும் சோதனைக்கு இந்தத் தடை இல்லை.

பள்ளியிலோ உறவினர் வீட்டிலோ விடும்போது வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். குழந்தையின் பெயர், எடை, எதற்கு அலர்ஜி, எந்த அறிகுறிக்கு எந்த மருந்து, எத்தனை மி.லி., எப்போது ஊசி, யாரை அழைப்பது, எல்லாம் ஒரே தாளில் பெரிய எழுத்தில். அட்ரினலின் பேனா பூட்டிய அலமாரிக்குள் போகக் கூடாது. குழந்தை இருக்கும் இடத்திலேயே, பொறுப்பானவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு பேனாக்கள். போட்டுப் பழக மருந்தும் ஊசியும் இல்லாத பயிற்சிப் பேனா கிடைக்கும்; அதை வைத்து அவர்களை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

சிரப்புகளை அவற்றின் சொந்தப் பாட்டிலிலேயே, குழந்தை ஏறியும் எட்டாத உயரத்தில் வையுங்கள். திறந்த தேதியை மூடிக்குக் கீழே எழுதுங்கள். அட்ரினலின் பேனாவை வெயிலில் நிற்கும் வண்டியிலோ குளிர்பதனப் பெட்டியிலோ வைக்காதீர்கள். சூடு மருந்தைக் கெடுக்கும், குளிர் பேனாவின் விசையைக் கெடுக்கும். மாதம் ஒருமுறை அதன் கண்ணாடிச் சன்னலில் மருந்து தெளிவாக இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். தேதி நெருங்கினால் புதியது கைக்கு வந்து சேரும் வரை பழையதை அப்புறப்படுத்தாதீர்கள்.